பால்மரத்தோடு கயிறு இழுத்தவர்கள்

சுங்காய்க்குப் பக்கத்தில் நான் வாத்தியாராக இருந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான்: வயிறு கெட்டியாக இல்லை. கணக்கில் முட்டை வாங்கினாலும், பல் வலித்தாலும், பள்ளிக்கு நேரம் கழித்து வந்தாலும் வயிறுதான். இதைக் கண்டுபிடித்தவர் ரப்பர்ப்பால் லோரி ஓட்டிய வயித்து மாஸ்டர். அவருடைய சொந்தத் தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பற்றிக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், தோட்டப் பள்ளிகளின் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய அவராகவே வந்தார். முதல் மாதம் கயிற்றைக் கண்ணிலேயே காட்டவில்லை. பிள்ளைகள் குப்புறப் படுத்து, முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பைத் தூக்கிப் பலகைபோல் நிற்கவேண்டும். முதுகில் ஆறிப்போன தே ஓ தேநீர்க் குவளை இருக்கும். சிந்தினால் மறுபடியும் முதலிலிருந்து. இதற்குப் பதில் மணல் மூட்டை தூக்கவைக்கலாமே என்று கேட்டேன்.

"எலும்பு வளர்ற வயசு சார். பாரம் வேணாம்லா. சொந்த உடம்ப நேரா புடிச்சா போதும்," என்றார்.

அடுத்த மாதம் கயிறு வந்தது. அதன் மறுமுனையை ஒரு கிழட்டுப் பால்மரத்தில் கட்டி இழுக்கச் சொன்னார். மரம் அசையவில்லை. பிள்ளைகளும் கொஞ்ச நாளில் மரத்தைப் போலவே அசையாமல் நிற்கப் பழகிவிட்டார்கள். மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எனக்கு மாலாவை நினைத்துத்தான் கவலை. ஒன்பது வயது, ஈர்க்குச்சி உடம்பு. எந்த விளையாட்டிலும் அவளை யாரும் சேர்த்ததில்லை. மாஸ்டர் அவளைக் கயிற்றின் கடைசியில் நிறுத்தியிருந்தார். அவள் அம்மா சரோஜா, மரத்தில் பால் வெட்டும் பெண், ஒரு நாள் பள்ளிக்கே வந்துவிட்டாள். பிள்ளை ரெண்டு ஆள் சோறு சாப்பிடுகிறாளாம், வீட்டு வேலைக்கும் கிடைப்பதில்லையாம். போட்டியில் ஜெயித்தால் தொடர்ந்து பயிற்சிக்கு அனுப்புவேன், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று மாஸ்டரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். மாலா தலையைக் குனிந்துகொண்டாள்.

போட்டி நடந்தது பீடோரில். விசில் ஊதியதும் எதிரணிப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். நம் பிள்ளைகள் ஓர் அங்குலம் நகரவில்லை. கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது: நம் பிள்ளைகள் இழுக்கவும் இல்லை. மரத்தோடு பழகிய பிள்ளைகளுக்குப் பின்னால் அடியெடுத்து வைக்கவேண்டும் என்பதே தெரியாது.

"பின்னால போங்கடா!" என்று மாஸ்டர் கத்தினார்.

புதுப் பாடமாக இருக்கிறதே என்று எல்லாரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்த நொடியில் கதை முடிந்தது. ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். மாலா மட்டும் விழவில்லை. முதுகு நிமிர்ந்தபடி, கயிற்றை விடாமல், எதிரணி இழுத்த இழுப்பில் மண்ணில் சறுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போனாள்.

மாஸ்டர், போட்டி பார்க்க வந்திருந்த சரோஜாவிடம் போய் நின்றார். "தப்பு எம்மேலதான் தங்கச்சி. நடக்கச் சொல்லித் தரல."

சரோஜா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ள விழலயேண்ணே," என்றாள். பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்கு அனுப்பணும்?" என்று கேட்டாள்.

ஊருக்கெல்லாம் வயிற்றைப் பற்றிப் பாடம் நடத்திய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே லோரியைக் கிளப்பப் போனார். அவர்மேல் எனக்கு அப்போது வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.