ரோட்டைக் கடக்காத அலை

சாமியார் அலையாரைப் பார்க்க மாடிப்படி நெடுகக் கூட்டம். சலவைக் கடைக்கு மேலே அவருடைய கூடம். நடுவில் ஒரு செம்புப் பாத்திரம், விளிம்பு வரை தண்ணீர். விண்வெளியில் எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால், அதில் கிளம்பும் ஈர்ப்பலையில் அந்தத் தண்ணீர் நடுங்குமாம். நடுங்கியதும் அலையார் கண்ணை மூடுவார். கூட்டமும் மூடும். மூளையை மூடிவிட்டுத்தான் அது படியே ஏறியிருந்தது.

"ஈர்ப்பலை ஓயுற வரைக்கும் உடம்புல கத்தி படக் கூடாது" என்று ரோட்டுக்கு எதிர்ப்புறத் தையற்கடை அக்காவிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிவிட்டாள். அலை ஓயவில்லை. அவருடைய அலைக்காப்பு வளையல் வியாபாரமும் ஓயவில்லை.

அவள் தங்கைக்கு ஈர்ப்பலை ஆய்வுக்கூடத்தில் வேலை. பொறுக்க முடியாமல் ஒருநாள் அக்காவோடு படியேறி வந்தாள்.

"வாம்மா. பூமிக்கடியில இன்னும் பெரிய கருவி கட்டப் போறீங்களாமே? அப்புறம் அலை ஆயிரக்கணக்குல பாயும்!" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி மிரட்டினார் அலையார்.

"காதைப் பெருசாக்கினா சத்தம் பெருசாகுமாங்க? அலை எப்பவும் வந்துட்டுதான் இருக்கு. யாரையும் கடிக்கல."

"என் பாத்திரம் ஆடுதே!"

"லாரி போனா எங்க கருவியும்தான் ஆடும். அதனால ஒண்ணு ஆடினா நாங்க நம்ப மாட்டோம். தொலைவுல இருக்கிற இன்னொண்ணும் ஆடணும். அக்கா கடையில இன்னொரு பாத்திரம் வைப்போமா?"

"வையேன்!" என்றார். அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்வது?

அக்காவே பாத்திரத்தோடு தன் கடையில் போய் உட்கார்ந்தாள். இங்கே தங்கையின் போனில் ஸ்பீக்கர்.

சற்று நேரத்தில் தரைக்கடியிலிருந்து ஓர் உறுமல். பக்தர்கள் அதைப் பிரபஞ்ச நாதம் என்பார்கள். தண்ணீர் நடுங்கியது.

"வந்துடுச்சு!" என்றார் அலையார்.

"இங்க ஒண்ணும் ஆடலைங்களே" என்றது போன்.

"அங்க நம்பிக்கை பத்தலம்மா."

"இங்க இருக்கிறது நான்! உசுரையே அடகு வச்சு நம்பினேனே, அது பத்தலையா?"

உறுமல் நின்றது, தண்ணீரும் நின்றது. கீழேயிருந்து சலவைக்காரர் அலையாரைக் கூப்பிட்டுக் கத்தினார்:

"மச்சான், துணி பிழிஞ்சாச்சு! இன்னொரு தடவை மெஷினைச் சுத்த விடவா?"

தங்கை சிரிக்கவில்லை. "கோடிக்கணக்கான வருஷம் நடந்து வந்த அலைக்கு, இந்த ரோட்டைக் கடக்கத் தெரியலையா?"

மறுநாளே அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வளையலைக் கழற்றி வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அந்தச் சலவைக் கடையைத் தாண்டாமல் ஒருவர்கூட மாடி ஏறியதில்லை. அண்டத்தை அண்ணாந்து பார்ப்பவர்களே, முதலில் கீழ்வீட்டை எட்டிப் பாருங்கள்.