ரயிலடி வீரர்

போர் என்று ஒன்று வந்துவிட்டால் இரண்டு வகை வீரர்கள் முளைக்கிறார்கள். ஒரு வகை ரயில் ஏறிப் போகும். இன்னொரு வகை ரயிலடி வரைக்கும் போய், கொடியசைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும். முதல் வகையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டுக் கூடத்தில் சீன தேசத்தின் வரைபடம் ஒன்று மாட்டியிருப்பார். நம் ஜப்பானியப் படை பிடித்த ஊர்களிலெல்லாம் காகிதக் கொடி குத்தி, கொடி தீர்ந்துபோன பிறகு பல் குத்தும் குச்சியைக் குத்தி வைத்திருப்பார். மூன்று மாதத்தில் போர் முடிந்துவிடும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். மூன்று வருஷம் கழித்து, "நான் அப்பவே சொன்னேனே, எதிரி களைச்சுட்டான்" என்று சொல்பவரும் அவர்தான். சர்க்கரை கிடைக்கவில்லையா? சர்க்கரை பல்லுக்கு ஆகாது. அரிசியில் பாதி பார்லியா? பார்லி குடலுக்கு நல்லது. அடுப்புக் கரி இல்லையா? குளிர் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும். அவரிடம் இல்லாத பதிலே கிடையாது.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பல் வைத்தியர் குராமோச்சி. இந்த இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் உண்டா சொல்லுங்கள். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார், மறுத்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மரத்துப்போகும் மருந்தெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதால், நாங்கள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கதறுவோம். அவர் இடுக்கியை அழுத்தியபடியே, மஞ்சள் ஆற்றங்கரையில் நம் பையன்கள் தாங்கும் வலியை எடுத்துச் சொல்வார். தங்கம் அரசாங்கத்துக்கு வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, எங்கள் வாயில் தாம் கட்டிய தங்கப் பற்களைத் தாமே கழற்றி வாங்கிக்கொண்டு போனார். புத்தர் கோயில் மணியை உருக்குவதற்கு வண்டியில் ஏற்றிய அன்று உருக்கமாகப் பேசினார். எங்கள் வீட்டு இரும்புச் சட்டி போன அன்றும் பேசினார். ஒரு சட்டியைப் பற்றி அவ்வளவு நேரம் பேச வேறு யாராலும் முடியாது.

ஆனால் அவருடைய உண்மையான மேடை ரயிலடிதான். பட்டாளத்துக்கு வரச்சொல்லும் சிவப்புத் தாள் வந்த வீட்டுப் பையனை நடுவில் நிறுத்தி, கொடிகளோடு நாங்கள் சுற்றி நிற்க, குராமோச்சி ஒரு பழம்பெட்டிமேல் ஏறுவார். பேச்சு எப்போதும் ஒன்றே. பெயர் மட்டும் மாறும். உயிரோடு திரும்புவதைப் பற்றி நினைக்காதே, வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் உன் எலும்பு வரும் நாளுக்காக இந்த ஊர் பெருமையோடு காத்திருக்கும் என்று முடிப்பார். பையனின் அம்மா தலை குனிந்து நன்றி சொல்ல வேண்டும். அப்புறம் மூன்று முறை 'பன்சாய்' என்று வாழ்க முழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் பஞ்சாங்கத்தில் வருஷத்துக்கு ஒரு மிருகம் உண்டு; அவர் மனைவி தோரா புலி வருஷத்தில் பிறந்தவள். புறப்படுகிறவன் இடுப்பில் கட்டிக்கொள்ள ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டுத் தரும் துணியில், புலி வருஷத்துக்காரி மட்டும் தன் வயசு எத்தனையோ அத்தனை முடிச்சுப் போடலாம். காரணம், புலி எவ்வளவு தூரம் போனாலும் வீடு திரும்பிவிடுமாம். திரும்பி வராதே என்று பெட்டிமேல் ஏறிக் கணவர் முழங்க, திரும்பி வா என்று பையனின் வயிற்றைச் சுற்றி மனைவி தைத்திருப்பாள். புலி வீரத்துக்காக என்றே குராமோச்சி கடைசிவரை நம்பினார்.

ஒரு வசந்த காலத்தில் டோஃபு என்னும் மெத்தென்ற சோயாக்கட்டி விற்கும் கடைக்காரி நுயியின் ஒரே மகன் கிசாகுவுக்குத் தாள் வந்தது. நுயி விதவை. அந்த மகனை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. அன்று குராமோச்சி பேசிய பேச்சுதான் அவர் வாழ்நாளிலேயே சிறந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மூக்கைச் சிந்தினார். ரயில் கிளம்பியது. சாயங்கால ரயிலில் கிசாகு திரும்பி வந்துவிட்டான்.

முகாம் வைத்தியர் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அன்றே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாராம். அவ்வளவு பெரிய பேச்சை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? மறுநாள் நுயி வழியனுப்பு விழாவில் வந்த துண்டுகளையும் காய்ந்த மீனையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மகன் உயிரோடு வந்துவிட்டதற்காக ஒவ்வொரு வாசலிலும் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் வாசலில் அவள் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தால் சிரிப்பு தெரிந்துவிடும் என்று பயந்திருக்கிறாள் பாவம்.

ரயிலடி வீரர் சும்மா இருப்பாரா? கிசாகுவைத் தேற்றி மறுபடி அனுப்புவது தம் பொறுப்பு என்று அறிவித்தார். எங்கிருந்தோ முட்டை கொண்டுவந்தார். மீன் எண்ணெய் கொண்டுவந்தார். தெருவில் யாரும் முட்டையைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிறது. டோஃபுக் கடையில் மட்டும் தினம் முட்டை வாசனை. அவரே எதிரில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்னவைத்தார். பையன் கன்னத்தில் சதை போட்டது. இருமல் குறைந்தது. மகன் தேறத் தேற அம்மாவின் முகம் வாடியது. பெற்ற பிள்ளைக்கு உடம்பு சரியாகிறதே என்று கவலைப்படும்படி ஆகிவிட்டது எங்கள் காலம்.

பிறகு குராமோச்சிக்கு ஒரு யோசனை வந்தது. சொத்தைப் பல்லின் விஷம்தான் இறங்கி நெஞ்சைக் கெடுக்கிறது என்று ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்தாராம். கிசாகுவை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். எனக்கும் அன்று பல்வலி. அடுத்து என் முறை வரக் காத்திருந்தேன். நுயி மகனுக்குப் பக்கத்தில் கிண்ணம் பிடித்து நின்றாள்.

பிடுங்கும்போது பேசாமல் இருக்க அவரால் ஆகுமா? பட்டாளத்து ரொட்டியைப் பற்றி ஆரம்பித்தார். செங்கல் மாதிரி இருக்குமாம். சப்பிச் சாப்பிடுகிறவனுக்குப் படையில் இடமில்லையாம். கடைவாய்ப் பல் இல்லாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நுயி கிண்ணத்தை மகன் மடியில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் ஐயா, அதுக்குப் பக்கத்துப் பல்லும் ராத்திரியெல்லாம் வலிக்குதுன்னான்" என்றாள்.

கிசாகு திறந்த வாயோடு அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் தோளை அழுத்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

"இவதாம்மா தாய். பார்த்துக்கோங்க" என்று குராமோச்சி என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் பிடுங்கினார்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம். அதற்கடுத்த வாரம் மேல் வரிசை. ஒவ்வொரு முறையும் இன்னொன்று வலிக்கிறது என்று நுயிதான் சொன்னாள்; ஒவ்வொரு முறையும் அவளைப் புகழ்ந்தபடியே அவர் பிடுங்கினார். மருந்து இல்லாமல் அத்தனை பல்லைக் கொடுத்த அந்தப் பையனைவிட வீரமான ஒருவனை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வழியனுப்பு விழா முதலாவதைவிடப் பெரிதாக நடந்தது. முகாமில் நெஞ்சு சரியாகத்தான் இருந்ததாம். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார்களாம். சாயங்கால ரயிலில் கிசாகு திரும்பி வந்தான். பல் போனவனுக்கு டோஃபுக் கடையில் பிறந்ததைவிடப் பாக்கியம் என்ன வேண்டும்?

தம் கையாலேயே ஒரு சிப்பாயைக் கெடுத்தோம் என்று குராமோச்சிக்குப் புரிந்ததா? ஊஹூம். தம் பேச்சைத் தாமே கேட்கும் வழக்கம் இந்த இனத்துக்கு இல்லை. முகாமில் கண்டிப்பு குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் என் தம்பி மசுஜிக்குத் தாள் வந்தது. அவனுக்கு எல்லாப் பல்லும் இருந்தது. வெள்ளைத் துணிப் பெட்டி அடுத்த வருஷம் வந்தது. உள்ளே எலும்புகூட இல்லை, பெயர் எழுதிய ஒரு மரத்துண்டுதான். அதை வரவேற்கவும் குராமோச்சி ரயிலடிக்கு வந்தார். பழம்பெட்டிமேல் ஏறி, இந்த வீட்டுக்குக் கிடைத்த பெருமையைப் பார் என்று பேசினார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நுயி மட்டும் கூட்டத்தில் என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மகனைக் காப்பாற்றியதற்கு யாராவது கூச்சப்பட வேண்டுமா?

இதெல்லாம் அந்தக் காலத்துக் கதை, குராமோச்சி மாதிரி ஆட்கள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். காலைச் செய்தித்தாளில் எங்கோ தூர தேசத்துப் போரைப் பற்றிப் படித்துவிட்டு, டீயை உறிஞ்சியபடி, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனிமே நாம பின்வாங்கக் கூடாது" என்று நீங்கள் எப்போதாவது சொன்னதுண்டா? உண்டென்றால், அந்த 'நாம'வில் யாருடைய பிள்ளை இருக்கிறான் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை இல்லையென்றால், ஐயா, இறங்குங்கள். நீங்கள் நிற்பது பழம்பெட்டிமேல்.