நாவலில் அப்படி இல்லை

திரையரங்குகளில் ஒரு தனி இனம் உண்டு, வாசகரே. டிக்கட் வாங்க வரிசையில் நிற்கும்போது சாதாரண மனிதரைப் போலத்தான் இருப்பார். விளக்கு அணைந்ததும்தான் சுயரூபம் தெரியும். அவர்தான் நாவலை வாசித்தவர்.

இந்த இனத்தின் கண்டிப் பிரதிநிதியாக, கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்து நகரத்துக் காப்புறுதிக் கம்பனியொன்றில் வேலை பார்க்கும் திருவாளர் அழகையாவை அறிமுகப்படுத்துகிறேன். ‘யாளிமலை’ என்ற ஐந்து பாக மாயாஜால நாவல் படமாகிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து அவர் நிலத்தில் நடக்கவில்லை. முன்னோட்டத்தை நொடிக்கு நொடி நிறுத்திப் பார்த்தார், யாளியின் பிடரி கறுப்பாக இருக்க வேண்டுமே தவிரச் செம்பட்டையாக இருக்கக்கூடாது என்று ஏழு வட்ஸ்அப் குழுக்களுக்கு அறிவித்தார், இளவரசி கார்முகிலியாக நடிப்பவரின் காது சிறிதாக இருக்கிறதே என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்தார், மகாவலிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்ற நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பயணிக்கு முதல் பாகம் முழுவதையும் சொல்லி முடித்தார். அந்த மனிதர் பாலத்திலேயே இறங்கி நடந்துவிட்டாராம்.

படம் மோசமாகத்தான் இருக்கும். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. விமர்சனத்தைக்கூட முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். பிறகு எதற்கு முதல் நாள் முதல் காட்சி? என்ன கேள்வி இது! மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்பதற்காக நாம் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கிறோமா?

ஆனால் ஒரு இரகசியம் உண்டு. என்னிடம் மட்டும் சொன்னார். நான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் பாகத்தை அவர் வாசிக்கவில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூன்று வருடமாக அது அலுமாரியில் இருக்கிறது. சோம்பலா? இல்லை ஐயா, பயம். வாசித்தால் முடிந்துவிடுமே! யாளிமலையில் இனி நடப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்த பிறகு, மறுநாள் காலையில் எழுந்து எப்படி வேலைக்குப் போவது? ஐந்தையும் கரைத்துக் குடித்தவர் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவர், படம் நான்காம் பாகத்தோடு நின்றுவிடும் என்று நம்பித்தான் டிக்கட் எடுத்தார். நின்றால் கதையும் தப்பும், மானமும் தப்பும்.

அரங்கில் அவருக்கு இடப்பக்கம் மனைவி நிரோஷினி. வலப்பக்கம் நண்பர் நிஸாம். நிஸாம் பாடசாலையை விட்ட பிறகு நாவல் என்ற பொருளைத் தொட்டவரில்லை. பாவம், படம் பார்க்க வந்தவர்.

“இந்த மந்திரிதான் துரோகி, பாத்துக்க,” என்றார் அழகையா. மந்திரி அப்போதுதான் திரையில் முதல் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

“யா அல்லாஹ்! எனத்துக்கு மச்சான் அத இப்பவே சென்ன?”

“நாவல்ல அவனுக்குத் தாடி இருக்கு. இவனுக்கு இல்ல. கவனிச்சியா?”

இடைவேளைக்குள் முப்பத்தாறு குற்றங்கள். வாள் வளையவில்லை, கோட்டை வாசல் கிழக்குப் பார்க்கவில்லை, இளவரசி சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டார். ஆனால் யாளி மலையைப் பிளந்துகொண்டு பாய்ந்தபோது மட்டும் நான்கு நிமிடம் முறைப்பாடே இல்லை. வாயைப் பிளந்தபடி, நிஸாம் தின்ன வாங்கியிருந்த ரோல்ஸைத் தன் கையில் நசுக்கிக்கொண்டிருந்தார். பிடரி செம்பட்டைதான். அதைச் சொல்லவும் மறந்துவிட்டார்.

நான்காம் பாகம் முடிந்தது. படம் முடியவில்லை.

அழகையா மௌனமானார். நிஸாமுக்கு அதுவே பயத்தைக் கொடுத்தது. “மச்சான், சொகந்தானே?” அடுத்து என்ன நடக்கும்? வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு யாளிமலையில் அடுத்து நடப்பது தெரியவில்லை! திரையில் யாளி வெள்ளத்தின் குறுக்கே படுத்தது. இளவரசி கதறக் கதற, வாலிலிருந்து மெல்ல மெல்லக் கல்லாகத் தொடங்கியது.

அழகையா எழுந்தேவிட்டார்.

“இல்ல! அது சாகாது! நாவல்ல அப்படி இல்ல!”

அரங்கமே திரும்பிப் பார்த்தது. நிரோஷினி சட்டையைப் பிடித்து இழுத்து அவரை உட்கார வைத்தார்.

“இருக்குங்க. அஞ்சாம் பாகம், கடைசிக்கு முந்தின அத்தியாயம்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“உறைய அடிப்பக்கமா வெட்டி எடுத்து வாசிச்சேன். போன வருஷம். மூணு நாள் அழுதேங்க. உங்ககிட்டச் சொல்லி அழ முடியுமா? சொன்னா உங்களுக்குக் கதை கெட்டுப் போயிருமே.”

“அப்ப நீ அஞ்சாவத வாசிச்சே இல்லயா மச்சான்?” என்றார் நிஸாம். அன்றைய முழுப் படத்திலும் அவருக்குப் பிடித்த கட்டம் அதுதான்.

மானம் போய்விட்டது. ஆனால் அழகையாவுக்கு அதைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை. பஸ்ஸில் கண்டவருக்கெல்லாம் கதை சொன்ன மனிதரின் வீட்டுக்குள்ளேயே ஒருவர் முழுக் கதையையும் ஒரு வருடம் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தார்! அழகையா அழுதார், சிரித்தார், நிரோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு மீண்டும் அழுதார். வெளியே வந்து நடைபாதையில் நின்று, “அந்தக் கல்லுக்கு மறுபடி உயிர் வருமா? வேணாம், சொல்லாத! சரி, கொஞ்சமாச் சொல்லு!” என்று குதித்தார். மாலைக் காட்சிக்கும் மூன்று டிக்கட் எடுத்தார். நிஸாம் ஓடிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அழகையாவுக்கு மீசை உண்டா? நிஸாம் பருமனா? நிரோஷினி அன்று சேலையா கட்டியிருந்தார்? பார்த்தீர்களா, உங்களிடம் பதில் தயாராக இருக்கிறது. நான் இதில் ஒன்றையும் எழுதவே இல்லை. நாளைக்கு யாராவது இதைப் படமாக்கி, யாரோ ஒருவரைக் கொண்டுவந்து ‘இவர்தான் அழகையா’ என்று நிறுத்தினால், உங்களுக்குப் பக்கத்து ஆசனத்தில் இருக்கப்போகும் அந்த அப்பாவிக்கு என் அனுதாபங்களை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.