வாசலில் இருந்த குப்பைக்கூடை

கேம்பிரிட்ஜ், அக்டோபர் 3

என் அருமை மகள் தொனாத்தாவுக்கு, அம்மா கார்மெலா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே என் வலது முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். நேப்பிள்ஸில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே. ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

உன் மகள் மிரெல்லாவுக்குக் கல்லூரியில் முதல் நாள், நான் அந்தப் பக்கமே போகக் கூடாது, பிள்ளை தன் காலில் நிற்கட்டும் என்றாய். மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். காப்பாற்றியும்விட்டேன், பதினோரு மணி வரைக்கும். அதற்குள் நீயே கூப்பிட்டு, "புள்ள அழுவுதும்மா, யாருமே அவகிட்ட பேசலியாம், நாளைக்கே ஊருக்கு வந்துடறேங்குது" என்றால் நான் என்ன செய்ய? கத்தரிக்காயும் பாலாடைக்கட்டியும் அடுக்கிச் சுட்ட தட்டு அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது, எப்படியோ. அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன், பக்கத்தில் இருந்தவரிடம் என் பேத்தி சட்டம் படிக்கிறாள் என்றேன், அவர் கேட்கவில்லைதான், இறங்கும்போது டிரைவரிடமும் சொன்னேன். ஐந்தாவதோடு நின்றவள், அதே கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் பிள்ளைகள் அறையைக் கூட்டிப் படுக்கை தட்டிப் போட்டவள், பின்வாசலிலேயே போய் வந்தவள், இன்றைக்கு முன்வாசலில் நுழைந்தேன். காவலாளி, "கார்மெலா, நீ ரிட்டயர் ஆயிட்டியே" என்றான். "மாணவியோட அம்மாச்சி வந்திருக்கேன், கதவத் தொற" என்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

மூன்றாம் மாடி, நாற்பத்தெட்டுப் படி, ஏறிப் போனால் அவள் அறை வாசலில் குப்பைக்கூடை. இந்தக் கல்லூரி வழக்கம் உனக்குத் தெரியாது, கூடை வெளியே இருந்தால் உள்ளே இருப்பவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அர்த்தம், யாரும் தட்டக் கூடாது. நான் ஒரு தரம்கூடத் தட்டியதில்லை. கையைத் தூக்கினேன், கை கதவுக்குப் போகவில்லை. தட்டும் கையுமாக நின்றேன், இருபது நிமிஷம். அப்போது டோரீன், இப்போது அந்த மாடியைக் கூட்டுகிறவள், துடைப்பத்தோடு வந்தாள்.

"என்ன கார்மெலா, காவலுக்குச் சேந்துட்டியா?"

"என் பேத்தி ரூம்டி. கூடை வெளியில இருக்கு."

"காலையிலேர்ந்து அப்படித்தான் கெடக்கு. நானும் தட்டல. எதிர் ரூம் பொண்ணு ரெண்டு தரம் டீக்குக் கூப்பிட வந்து, கூடையப் பாத்துட்டுப் போயிடுச்சு. உன் பேத்தி பெரிய கர்வக்காரின்னு மாடி முழுக்கப் பேச்சு."

"எங்க குடும்பத்துல யாருடி கர்வக்காரி?"

"தெரியாமத்தான் கேக்கறியா?"

கூடை விவரத்தை டோரீன் புதுப்பிள்ளைகள் எல்லோருக்கும் நேற்றே சொல்லிவிட்டாளாம். மிரெல்லாவின் விமானம் தாமதம், அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். நனைந்த காகிதக் கைக்குட்டைகள், அவ்வளவுதான், கூடை நிறைய. தட்டிவிட்டேன், தொனாத்தா.

பெட்டியைக் கட்டி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள் பிள்ளை. "அம்மாச்சி, காலையிலேர்ந்து கதவையே பாத்துட்டிருக்கேன், யாருமே தட்டல."

"கூடைய ஏன்டி வெளியில வச்ச?"

"அம்மாதான் சொன்னாங்க. குப்பைய உள்ள வச்சிருந்தா வர்றவங்க மொகம் சுளிப்பாங்கன்னு."

ஆக, தப்பு உன்னுடையது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கூடையை உள்ளே எடுத்து வைத்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, கதவு தட்டுகிற சத்தம். எதிர் அறை ஹேசல், பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். தட்டு காலி. மிரெல்லா அவர்களோடு, கல்லூரி விருந்துக்கு மாணவர்கள் போடுகிற கறுப்பு அங்கி வாங்கக் கிளம்பினாள், போகும்போது சிரித்தாள். கூடை வெளியே இருந்தால் எந்த அறையானாலும் தட்டக் கூடாது என்று மூன்று தரம் சொல்லி, அவள் வாயாலும் சொல்ல வைத்தேன். பெட்டியை நானே பிரித்து அடுக்கிவிட்டேன். நீ டிக்கெட் எடுக்க வேண்டாம். நானும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல். உங்கள் இருவர் தலையிலும் மாதாவின் கை இருக்கட்டும்.

அம்மா,
கார்மெலா

பின்குறிப்பு: வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றது பொய், மாதா மன்னிக்கட்டும். மிரெல்லாவின் மேசையில்தான் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் துடைத்த மேசை, இன்றுதான் உட்கார்ந்தேன். டோரீன் வந்து வாயைக் கிளறாமல் இருக்கக் கூடையை வெளியே வைத்திருந்தேன். கொஞ்ச நேரமாக வாசலில் யாரோ கால் மாற்றி மாற்றி நிற்கிற சத்தம். இப்போதுதான் திறந்தேன். மிரெல்லா, ஒரு கையில் அங்கி, மறு கையில் அறைச் சாவி. "கூடை வெளியில இருந்துச்சே அம்மாச்சி" என்கிறாள்.