சைக்கிளுக்கு முன்னால் வந்த மணி

தூத்துக்குடி,
ஜூன் 1974

அன்பு மாப்பிள்ளை ஹென்றிக்கு, மாமா மரியான் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கு எல்லாரும் சுகம். மணப்பாட்டில் உங்கள் சுகத்துக்கும், உங்கள் அம்மாவின் கால்வலிக்கும் தினமும் ஜெபம் சொல்கிறோம்.

கல்யாணத்தில் பேசிய சைக்கிள் வந்தால்தான் இந்தப் படி ஏறுவேன் என்று, கிறிஸ்துமஸுக்கு வந்த இடத்தில் கிரேசியை விட்டுவிட்டுப் போனீர்கள். ஈஸ்டரும் போய்விட்டது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சும்மா இருக்கவில்லை மாப்பிள்ளை. கம்பெனி சைக்கிளுக்குக் காத்திருந்தால் பேரன்தான் ஓட்டுவான் என்று, கப்பல் வெல்டிங் பார்த்த இஞ்ஞாசியிடம் சொல்லிவைத்தேன். கொட்டகையில் குழாயை வளைத்துப் பற்றவைத்து ஒவ்வொன்றாகச் செய்கிறவன். அட்வான்ஸ் வாங்கமாட்டான், மணியை மட்டும் நம் கையில் கொடுத்துவிடுவான். முறை வந்ததும் வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, அந்த மணியை மாட்டி ஒப்படைப்பான். மணியைக் காட்டாவிட்டால் வண்டி அடுத்த ஆளுக்கு. குழாய் ஏற்றிய லாரி கயத்தாறில் அச்சு முறிந்து கிடக்கிறதாம், முன்பு வந்த குழாயில் பாதி கன்னியர் மடத்து ஊஞ்சலுக்குப் போய்விட்டதாம், கேட்டால், "முறை எப்பன்னு கேக்காதீங்க அண்ணாச்சி, மணியப் பத்திரமா வச்சிக்கிடுங்க" என்று சொல்லுதான்.

பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்ததுதான் வினை. போன ஞாயிறு பூசையில் நான் குனியவும் மணி கணீரென்றது. சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றம் வந்துவிட்டது என்று கோயில் முழுக்க முழங்கால் போட்டது. பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்த சாமியாரும் கொஞ்சம் யோசித்துவிட்டு முழங்கால் போட்டார்.

சாயங்காலமானால் உப்பளப் பாதையில் மணியை அடித்துக்கொண்டே நடக்கிறேன். சனம் விலகி வழிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வண்டியில்லாத கிழவன். எனக்கென்னவோ கால் தரையில் படுகிற மாதிரியே இல்லை. நீங்க மிதிக்கீங்க, பின்னால கிரேசி தலைப்ப இழுத்துப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, கடலும் கூடவே வருது, உப்புக் குவியலெல்லாம் வெள்ளை வெள்ளையா பின்னால போவுது. நான் எங்க உக்காந்திருக்கேன்னுதான் தெரியல. வீட்டுக்கு வந்து மணியை மேசையில் வைத்தால், அவள் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் மாப்பிள்ளை.

ஆகவே கோபத்தைத் தள்ளிவைத்து, சைக்கிளை எதிர்பார்க்காமல், அவளை வந்து அழைத்துப் போங்கள். அம்மாவுக்கு எங்கள் தோத்திரம். ஆண்டவர் உங்கள் வீட்டு விளக்கை அணையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா மரியான்

பி.கு.: கவர் ஒட்டப் பசை தேடும்போது இஞ்ஞாசி ஆள் அனுப்பினான். வண்டி தயார், நாளைச் சாயங்காலம் வாசலுக்கு வருகிறதாம். மேசையைப் பார்த்தேன், மணியைக் காணோம். கிரேசியையும் காணோம். "அவரு படி ஏறாட்டா எனக்கென்ன, நான் எங்க வீட்டுக்குப் போறேன்" என்று உங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டு, மணியை மடியில் முடிந்துகொண்டு மணப்பாட்டு பஸ் ஏறிவிட்டாளாம். ஆகவே மேலே எழுதியதை விட்டுத்தள்ளுங்கள். இதை அடுத்த பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் இதற்கு முன்பே வந்து மணி அடித்திருப்பாள், இன்னும் திறக்கவில்லையென்றால் கதவைத் திறங்கள். நாளைக்கு இரண்டு பேருமாக மணியோடு வந்துவிடுங்கள். மணி இல்லாமல் இஞ்ஞாசி அவன் அப்பனுக்கே வண்டி தரமாட்டான். சைக்கிள் வேண்டுமென்றால், சைக்கிள் இல்லாமல்தான் இந்தப் படி ஏறியாக வேண்டும் மாப்பிள்ளை.