மேலே மல்லிகை, கீழே என் குடல்

அன்பு மகள் யுவராணிக்கு,

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இருபத்தாறு வருடமாகத் தராசு பிடிக்கும் உன் அப்பன் ஒச்சப்பன், கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, கொல்லையில் இன்னும் காய்க்காத முருங்கை மூவரும் சுகம். சென்னையில் நீயும் ஜெர்மன் பாஷையோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாக இருப்பாய். போனில் பேசினால் என் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் என் மானம் போன கதை. அதை உன் அம்மா சொன்னால் கை கால் முளைத்துவிடும். செவ்வாய்க்கிழமை மதுரை பஸ்ஸில் நான் தூக்கத்தில் "ஏலே, எந்திரிங்கலே!" என்று போட்ட சத்தத்தில் பாதி பஸ் விழித்துக்கொண்டது. கண்டக்டர் பதறி விசில் ஊத, டிரைவர் பிரேக் அடிக்க, முன்சீட்டில் இருந்த உன் அம்மா இந்த ஆள் யாரென்றே தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் என்னவென்றால், தை மாதம் என் பெருங்குடலில் வெட்டி எடுத்த புற்றுக்கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் இல்லையா, அதை மதுரையில் ஒரு ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். பாதித் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சித்திரை வெயிலில் மெழுகு உருகிவிட்டால் என் குடல் பஸ் சீட்டில் ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்து, வெளியூருக்குப் பூ அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ஈரத்துணி சுற்றி, பூ மார்க்கெட்டுக்காரன் பெட்டி பூ இல்லாமல் போனால் நன்றாக இருக்காதே என்று மேலே அரைக் கிலோ மல்லிகையும் பரப்பிவிட்டேன். சின்னாளப்பட்டி பிரிவில் ஏறிய பேச்சியம்மாள் என்கிற அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சியது.

"என்னண்ணே பெட்டியில, மல்லியா?"

"மேல மல்லி ஆத்தா. கீழ என் குடலு."

அந்தம்மா பெட்டியை ஒரு தரம் எட்டிப் பார்த்தது. அப்புறம், "அப்ப மேல உள்ளத மட்டும் ரெண்டு கை அள்ளிக் குடுங்க" என்றது. கொடுத்தேன்.

அந்த வாசனையில்தான் கண் சொக்கியது. நீ போனில் சொல்லிக் கொடுத்தாயே, உடம்புக்குள் நோயை விரட்டுகிற காவல்காரர்கள் இருக்கிறார்கள், கட்டிக்குள் அவர்களுடைய ஜீன்கள் எவ்வளவு வேலை செய்திருக்கின்றன என்று இந்த ஆராய்ச்சியில் எண்ணிப் பார்ப்பார்கள், காவல் உள்ளே புகுந்து சண்டை போட்டிருந்தால் அந்த மாதிரி நோயாளிகள் பெரும்பாலும் கூடுதல் காலம் இருக்கிறார்கள், ஆனால் தனி ஆளுக்குத் தேதி குறிக்க முடியாது என்று. அதெல்லாம் கனவாக வந்தது. என் கட்டி நம்ம பூ மார்க்கெட் மாதிரியே இருந்தது. ஒரே பனி. மல்லிகை மொட்டுகள் மெல்லச் சத்தம் போட்டு விரிகின்றன. காக்கி போட்ட காவல்காரர்கள் பூ மூட்டை மேல் தலைவைத்து, தொப்பியால் முகத்தை மூடித் தூங்குகிறார்கள். ஒருத்தன் தொப்பியைத் தூக்கினால் என் கல்யாண போட்டோவில் இருக்கிற முகம். "டூட்டி முடிஞ்சிருச்சா அண்ணே?" என்று கேட்கிறான். சண்டாளா, இப்பத்தாண்டா ஆரம்பம்! அப்போது போட்ட சத்தம்தான் அது.

ஆராய்ச்சிக்கூடத்தில் ரிஃபாத் என்று ஒரு பிள்ளை பெட்டியைத் திறந்து, பூவைப் பார்த்து, என்னைப் பார்த்தது.

"ஐயா, இந்த மெழுகு அறுபது டிகிரி சூட்டுலதான் உருகும்."

"திண்டுக்கல்ல அம்புட்டு இல்லையாம்மா?"

"இன்னும் வரல ஐயா."

பிறகு ஒரு ஃபாரத்தை நீட்டியது. உங்கள் முடிவு உங்களுக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா? 'வேண்டாம்' என்பதில் அழுத்தி டிக் அடித்தேன். ஆகவே தாயி, "அப்பா ரிசல்ட்டு தெரியாம ஜெர்மனி வேலைக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று நீ பிடிக்கிற அடம் இனி செல்லாது. ரிசல்ட்டே வராது. மூன்று வருடம்தானே, போய் வேலையைப் பார். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் ரயில் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே மல்லிகைப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நிற்கிற இந்தப் பைத்தியத்துக்கு மூன்று வருடம் ஓய்வு.

நேரத்துக்குச் சாப்பிடு, நிறைய ஆயுசோடு இரு. உன் அம்மா முனீஸ்வரி ஊறுகாய் போட்டுவைத்திருக்கிறாள், அந்த ஊர்க் குளிருக்கு ஆகுமா என்று கேட்கச் சொன்னாள்.

உன் அப்பன்,
ஒச்சப்பன்

பின்குறிப்பு: உன் அம்மா வெஞ்சனம் வதக்கப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன். 'வேண்டாம்' என்று டிக் போட்டது நிஜம். ஆனால் படி இறங்கியவன், செருப்பை விட்டுவிட்டேன் என்று அவளிடம் பொய் சொல்லித் திரும்ப ஏறினேன். செருப்பு காலில்தான் இருந்தது. ஃபாரத்தை வாங்கி, போட்டதை அடித்துவிட்டு 'வேண்டும்' என்பதில் போட்டேன். ரிஃபாத் சிரிக்கவில்லை. "ஏதாச்சும் கேக்கணுமா ஐயா?" என்றது. "ஒண்ணுமில்லம்மா, பூவ ஐஸ்ல வச்சிரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்க இருந்தது ஒன்றுதான்: மூணு வருசம் கழிச்சு எம்மக திண்டுக்கல்ல ரயில விட்டு இறங்குறப்ப, பூவோட நிக்க நான் இருப்பேனா?