வெள்ளம் உண்டு

வீட்டை வாடகைக்கு விடுகிறவர், அதன் குறை நிறை அனைத்தையும் குடிவரப் போகிறவருக்கு முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்று ஒரு விதி வந்தது. நல்ல விதிதான், யார் இல்லை என்றார்கள்? அந்த வெளிப்படுத்தலுக்கு முத்திரை குத்தவென்றே திருவனந்தபுரத்தில் 'வாடகை வெளிப்படை அலுவலகம்' என்று ஒன்றும் வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அதே ஊரில், கரமனை ஆற்றங்கரையில் குடியிருந்த ஸ்ரீனிவாசனுக்கு மாடிப் போர்ஷனை உடனே யாருக்காவது விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மச்சினன் வெங்கிடேஷ் மும்பையிலிருந்து வந்து இறங்கிவிடுவான். அவன் சிரிப்பு யோகா ஆசாரியன். விடிகாலையில் முப்பது பேரைக் கூட்டிவைத்து, காரணமே இல்லாமல் வயிறு குலுங்கச் சிரிக்கக் கற்றுக்கொடுப்பான். இப்போது அதுதான் பேஷனாம். தலைக்கு மேலே முப்பது பேர் சிரித்தால் கீழே மனுஷன் நிம்மதியாகக் காபி குடிக்க முடியுமோ?

"மாடி சும்மாத்தானே கெடக்கு? தம்பி பாவம்னா," என்று மனைவி விஜயம் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் பிரஜின் என்ற இளம் அதிகாரி மலையாளத்தில் கேட்டான்: "சாமி, வீட்டில் வெள்ளம் உண்டோ?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கரமனையில் பிறந்து வளர்ந்த ஸ்ரீனிவாசனுக்கு இது தெரியாதா என்ன? "பின்னே! இருபத்துநாலு மணி நேரமும் வெள்ளம் உண்டு," என்றார் பெருமையாக.

அவர் தமிழர் ஆனபடியால், மொழிச் சிறுபான்மையோர் நலன் கருதி, சான்றிதழைத் தமிழிலேயே கொடுத்தார்கள். மொழிபெயர்ப்புப் பிரிவு ஒரு சொல்லும் சிந்தாமல் பெயர்த்திருந்தது: 'மேற்படி வீட்டில் இருபத்துநான்கு மணி நேரமும் வெள்ளம் உண்டு என உடைமையாளர் மனமுவந்து வெளிப்படுத்துகிறார்.'

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த ஆதர்ஷுக்கு வீடு ரொம்பப் பிடித்திருந்தது, சான்றிதழைப் படிக்கும்வரை. படித்துவிட்டு ஜன்னல் வழியாக ஆற்றை எட்டிப் பார்த்தான்.

"சின்னப் பிள்ளை இருக்கு சார். அதுக்கு நீச்சல் தெரியாது," என்று செருப்பை மாட்டினவன்தான், ஆளைக் காணோம்.

ஸ்ரீனிவாசன் அலுவலகத்துக்கு ஓடினார். "தமிழ்ல இது பிரளயம்னா ஆறது! தண்ணீர் உண்டுன்னு திருத்துங்கோ."

பிரஜின் மரியாதையாக எழுந்து நின்றான். "தண்ணீர்னு சாமி பறஞ்சதே இல்லையே. பறயாததை எழுதினா அது பொய்ப் பிரமாணம். வேணும்னா, 'வெள்ளம் இல்லை'ன்னு ஆக்கித் தரலாம்."

"ஆக்குங்கோ!"

ஆக்கினார்கள். விதிப்படி மலையாள அசலிலும் 'வெள்ளம் இல்லை' என்று ஏறியது. வெள்ளமில்லாத வீடு மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று அடுத்த தபாலில் நோட்டீஸ் வந்தது. ஐயோ பாவம், மனுஷன் மறுபடியும் ஓடினார்.

"உண்டா இல்லையா, ஒண்ணைச் சொல்லணும் சாமி."

"உண்டு! இல்லை! ரெண்டும்தான்!"

"அப்போ நேரில் பரிசோதிக்கணும்."

பிரஜின், மொழிபெயர்ப்புப் பிரிவு ரேஷ்மியை அழைத்துக்கொண்டு மாடியேறினான். குழாயைத் திறந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து வெறும் காற்றுதான் வந்தது. ரேஷ்மியின் முகம் மலர்ந்தது.

"ரெண்டு பாஷையிலும் வெள்ளம் இல்லை. மொழிபெயர்ப்பு இத்தனை கச்சிதமா அமைஞ்சது இதுதான் முதல் தடவை!"

பிரஜின் அதற்குள் அறை அறையாகச் சுற்றிவிட்டு வந்திருந்தான். "நல்ல இடம். எங்க ஆபீசை மாத்த ஒரு கட்டிடம் தேடிட்டிருக்கோம் சாமி."

"மனுஷாள் வசிக்கத் தகுதியில்லைன்னு நீங்கதானே நோட்டீஸ் விட்டேள்?"

"மனுஷர் வசிக்கத்தானே? ஆபீசுக்கு அது தடையில்லை."

"சான்றிதழ்?"

"எங்க ஆபீசுக்கு விலக்கு உண்டு."

ஸ்ரீனிவாசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். "எப்போ காலி பண்ணுவேள்?"

"வெளிப்படுத்த வேண்டியது வீட்டுக்காரர்தான், சாமி. குடிவருகிறவர் எதையும் சொல்லணும்னு விதியில் இல்லை," என்றான் பிரஜின். ஸ்ரீனிவாசன் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போனதும் விஜயம் கேட்டாள். "மழை பெஞ்சா மாடி ஹால் முழுக்க ஒழுகுமே, சொன்னேளா?"

"அவா கேட்டாளா? கேக்காததை நான் ஏன் சொல்லணும்?" ஸ்ரீனிவாசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து!

விஜயம் கீழ் ஹாலில் இருந்த டீப்பாயைச் சுவரோரமாகத் தள்ளினாள். பிறகு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் கேட்டாள்.

"என்னத்துக்கு?"

"வெங்கிடேஷ் ரயில் ஏறியாச்சு. மாடிதான் போயிடுத்தே, நம்ம ஹால்லயே கிளாஸ் வெச்சுக்கோடான்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேக்கலையே," என்றாள் விஜயம்.